லேட்டன்சி: உள்ளுறையா, சுணக்கமா?

கோவை காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடையில் ராம் (கணினி நினைவகம்) கேட்டால், "3200-ல சி.எல். 16-ம் இருக்குது, 22-ம் இருக்குதுங்க, எது போடட்டுங்க?" என்பார்கள். சி.எல். என்பது காஸ் லேட்டன்சி. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையான பயாஸின் மெமரி பக்கத்தில் 16-18-18-38 என்று கோத்து நிற்கிற எண்களில் தலை எண் அதுதான்.

லேட்டன்சியின் வேர் இலத்தீன். 'லாத்தேரே' என்றால் ஒளிந்திருத்தல். இயற்பியல் பாடநூலின் 'உள்ளுறை வெப்பம்' இதே வேரில் கிளைத்தது. ஆகவே 'உள்ளுறைவு', 'மறைநிலை' என்று பெயர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ராமுக்குள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கேட்டதற்கும் கிடைப்பதற்கும் நடுவே கழிகிற நேரம், அவ்வளவே. 'தாமதம்' பொருந்தும்தான், ஆனால் அதில் யாரையோ குற்றம் சொல்லும் தொனி ஏறிவிடுகிறது. "காரியம் சுணங்கிப் போச்சுங்க" என்றால் குற்றம் யார்மேலும் இல்லை. என் ஓட்டு சுணக்கத்துக்கு.

காஸ் என்பதன் விரிவு காலம் அட்ரஸ் ஸ்ட்ரோப். இந்தக் 'காலம்' நேரமல்ல, ஆங்கிலத்து column, அதாவது நெடுவரிசை! நினைவகச் சில்லு, கணக்குப் பாடத்து அணியைப் போல நிரையும் நிரலுமாக அடுக்கியது. முதலில் நிரையைத் திறந்து, பிறகு நிரலைக் காட்ட வேண்டும். காட்டியதிலிருந்து முதல் தரவு வர ராமின் கடிகாரத்தில் எத்தனை துடிப்பு ஆகிறதோ, அதுவே சி.எல். 'நிரல் சுணக்கம்' என்று எழுதலாம். ஆனால் புரோகிராமுக்கும் நிரல் என்றே வைத்துவிட்டோம். எனவே 'நெடுவரிசைச் சுணக்கம்'. மற்ற மூன்று எண்களும் நிரையைத் திறப்பது, மூடுவது, திறந்தே வைத்திருப்பது பற்றியவை.

இந்த எண் நேரமல்ல, துடிப்பின் எண்ணிக்கை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சோமனூர்த் தறிக்காரருக்கு இது சட்டென்று பிடிபடும். நிமிடத்துக்கு 100 பிக் (குறுக்குநூல் ஒருமுறை ஓடினால் ஒரு பிக்) ஓடும் தறியில் 40 பிக் விழவும், 200 ஓடும் தறியில் 80 பிக் விழவும் ஆகிற நேரம் ஒன்றே. 3200 என்று போட்ட டி.டி.ஆர்.4 வகை ராம் உண்மையில் 1600 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. துடிப்புக்கு இருமுறை தரவு கொடுப்பதால் 3200. ஒரு துடிப்பு 0.625 நானோ நொடி, 16 துடிப்புக்கு 10 நானோ நொடி. அடுத்த தலைமுறையான 6000 டி.டி.ஆர்.5-ல் சி.எல். 30 என்று பார்த்து மிரள வேண்டாம், அதுவும் அதே 10-தான். கடைக்காரர் காட்டிய அந்த 22 மட்டும் 13.75 ஆகிறது. விலை வித்தியாசம் சிறிதென்றால் 16-ஐ வாங்குங்கள்.

வாங்கி மாட்டியதோடு வேலை முடியாது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால், 3200 சி.எல். 16 என்று ஒட்டிய ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 16-ஐ 14 ஆக்கிப் பார்ப்போமே என்று கையை வைத்தால் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். பதற வேண்டாம், மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டின் பட்டன் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும்.