ஒரே அதட்டல், மூன்று காதுகள்

தம்ளர் கவிழ்ந்து பால் மேசையெல்லாம் ஓடுகிறது. "எத்தனை தடவ சொல்றது?" என்று அம்மா அதட்டுகிறாள். மூத்தவள் துணியை எடுத்துத் துடைக்கிறாள். காய்ந்த பிறகும் அதே இடத்தைத் தேய்க்கிறாள். நடுவுள்ளவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். கடைக்குட்டி சத்தமில்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. மனிதர்களின் ஆளுமையை 1 முதல் 9 வரை எண்ணிட்ட ஒன்பது வகைகளாகப் பிரிக்கும் என்னியாகிராம் முறையை அறிந்தவர்கள் இதில் 1, 2, 5 ஆகிய வகைகளின் முளையைப் பார்ப்பார்கள். 'தப்பு செய்யக் கூடாது', 'என் தேவையை விட அவர்கள் மனசு முக்கியம்', 'ஒதுங்கினால் பத்திரம்' என்று ஒரே சொல்லை மூவரும் மூன்று விதமாக வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்பது வகைகள் கொண்ட இன்றைய என்னியாகிராமுக்கு அடித்தளம் போட்டவர் ஆஸ்கர் இச்சாசோ. சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோ 1970-களில் அதை உளவியலோடு இணைத்தார். 8, 9, 1 வகைகளின் அடியில் கோபமும், 2, 3, 4-இல் அவமான உணர்வும், 5, 6, 7-இல் பயமும் ஓடுவதாக இம்முறை சொல்கிறது.

வகையைப் பெற்றோர்தான் உண்டாக்குகிறார்கள் என்பது தவறான முடிவு. அது பலரை வீணாகக் குற்றவுணர்வில் தள்ளுகிறது. மனநல மருத்துவர்கள் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்ட ஆய்வில், சில மாதக் குழந்தைகளிடமே சுபாவ வேறுபாடு தெரிந்தது. அந்தச் சுபாவத்துக்கும் வளர்க்கும் விதத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதே முக்கியம் என்றார்கள். ஆளுமை வேறுபாடுகளில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்பது இரட்டையர் ஆய்வுகள் காட்டும் கணக்கு.

வளர்ப்பின் வேலை, ஏற்கெனவே இருக்கும் சாய்வுக்குக் கூலி கொடுப்பது. பரிசு வாங்கிய அன்று மட்டும் வீட்டில் முகங்கள் மலர்ந்தால், கவனிப்புக்கு ஏங்கும் பிள்ளை ஜெயிப்பதைப் பாசத்துக்கான விலையாகப் படித்துக்கொள்ளும். நூறு முறை பலித்த வழி யோசிக்காமலே வரும். வளர்ந்த பின், சும்மா இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என்னியாகிராமில் 3-ஆம் வகை எனப்படும் அந்த ஆளுக்குப் பதற்றம்.

ஒரு எச்சரிக்கை. 'என் பால்யம் இப்படி' என்று பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வதை வைத்தே பால்யத்துக்கும் வகைக்கும் இடையிலான இந்தத் தொடர்புகள் பெரும்பாலும் எழுதப்பட்டன. நினைவோ இன்றைய மனநிலையின் சாயம் ஏறியது. மனிதர்கள் ஒன்பது வகையாகவே பிரிகிறார்கள் என்பதற்கு வலுவான சான்றும் இல்லை. அதனால் குழந்தைக்கு எண் ஒட்டவே வேண்டாம். நம் சொல் அதன் காதில் என்னவாக விழுந்தது என்று பார்த்தால் போதும்.

தேய்த்துக்கொண்டே இருப்பவளிடம் "போதும்மா, சுத்தமாயிடுச்சு" என்று துணியை வாங்கிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டவனிடம், "என் கோபம் தானா போயிடும், நீ சமாதானம் பண்ண வேண்டாம், உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்கலாம். சாத்திய கதவைத் தட்டாமல் பத்து நிமிடம் விட்டு, உள்ளே போய்க் கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். பேச்சை அதுவே ஆரம்பிக்கட்டும்.