ஈதுல் அழ்ஹா: துரூஸ் மக்களின் ஈகத் திருநாள்

'ஈதுல் அழ்ஹா' என்னும் அரபுத் தொடரை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'பக்ரீத்' என்றே எழுதுகின்றன. லெபனானின் ஷூஃப் மலையிலும், சிரியாவின் சுவைதாவிலும், இஸ்ரேலின் கர்மேல் மலை ஊர்களிலும் வாழும் துரூஸ் என்னும் தனிச் சமய மக்கள் அந்த நாளைக் கொண்டாடுவதைச் சொல்லும்போதும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறோம். பக்ரீத்தின் முன்பாதியில் இருப்பது 'பகர்'. அரபு மொழியில் அது மாடு. இந்தியாவுக்கு வந்தபின் ஆட்டைக் குறிக்கும் 'பக்ரா'வோடும் மக்கள் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாடோ ஆடோ, பெயரைச் சொன்னவுடன் கண்முன் வருவது ஒரு விலங்கு. துரூஸ் மக்கள் அந்த இடத்தில் தன் ஆணவத்தைக் கொடுக்கும் மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

'ஈத்' என்பதற்குத் 'திரும்பி வருவது' என்று அரபு அகராதிகள் பொருள் சொல்லும். ஆண்டுக்கொரு முறை திரும்பி வருவதால் திருநாளுக்கு அந்தப் பெயர். அரமேய மொழியிலிருந்து வந்த சொல் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே நெஞ்சில் நிற்கிறது. கோலான் குன்றுகளில் மஜ்தல் ஷம்ஸ் என்றொரு துரூஸ் ஊர் இருக்கிறது. 1967 போருக்குப் பிறகு, சிரியாவில் இருந்த சொந்தபந்தங்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவே போர்நிறுத்தக் கோடு விழுந்துவிட்டது. அக்கரைக் குன்றில் அண்ணன், இக்கரைக் குன்றில் தங்கை. கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் குறுக்கே கூவித்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள். நாள் திரும்பி வரும். ஆள் திரும்பி வர வழியில்லை.

இனி 'அழ்ஹா'. தமிழ் முஸ்லிம்கள் அரபு மொழியின் 'ளாத்' எழுத்துக்கு ழகரத்தைப் பயன்படுத்துவது வழக்கம். ரமழான், காழி, உழ்ஹிய்யா எல்லாம் அப்படி வந்தவை. அந்த வழக்கத்தால் நமக்கு ஒரு நன்மை உண்டு. 'ழுஹா தொழுகை' என்ற சொல்லைக் கேட்டிருப்பவர்களுக்கு 'அழ்ஹா'வின் வேர் உடனே பிடிபடும். ழுஹா என்றால் முற்பகல். கதிரவன் ஏறி, வெளிச்சம் நன்றாகப் பரவிய பொழுது. அந்தப் பொழுதில் அறுக்கப்படும் விலங்குக்கு உழ்ஹிய்யா என்று பெயர் வந்தது. அத்தகைய விலங்குகளைக் குறிக்கும் பன்மைச் சொல்லே அழ்ஹா. ஆக, இந்தச் சொல்லின் அடியில் கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை, வெளிச்சம் இருக்கிறது. இதே வேரிலிருந்து பிறந்த 'தழ்ஹியா' இன்றைய அரபு மொழியில் தன்னலம் துறந்து கொடுப்பதைக் குறிக்கிறது. பிள்ளைகளுக்காகத் தன் வாழ்வை விட்டுக்கொடுத்த தாயைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல்தான். நாம் 'குர்பானி' என்று அறிந்திருப்பது வேறு வேர். அதன் பொருள் நெருங்குதல்.

துரூஸ் என்பது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'முவஹ்ஹிதூன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஓரிறையைப் பற்றி நிற்போர் என்பது பொருள். எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிமின் ஆட்சிக்காலத்தில், 1017இல், கெய்ரோவில் தொடங்கிய அழைப்பு அது. ஹம்சா இப்னு அலி அதற்கு வடிவம் கொடுத்தார். 1043இல் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. மறைநூல்களை ஓதும் உரிமை பெற்றவர்கள் 'உக்கால்', அதாவது அறிந்தோர். மற்றவர்கள் 'ஜுஹ்ஹால்', அறியாதோர். கடுமையாகக் கேட்கும் இந்தச் சொல்லை யாரும் வசையாக எடுத்துக்கொள்வதில்லை.

சொற்களுக்கு வெளிப்பொருள், உட்பொருள் என்று இரண்டு உண்டு என்பது அவர்கள் வந்த, ஷியா இஸ்லாத்தின் ஒரு கிளையான இஸ்மாயிலி மரபின் அடிப்படை. ஸாஹிர், பாத்தின் என்பார்கள். இஸ்லாமியர்களுக்கு இந்தத் திருநாள் மக்காவின் ஹஜ்ஜோடும், மினாவில் கொடுக்கும் குர்பானியோடும் பிணைந்தது. இப்ராஹீம் நபி தம் மகனையே கொடுக்கத் துணிந்ததன் நினைவு அது. துரூஸ் மக்கள் ஹஜ் பயணத்தைக் கடமையாகக் கொள்வதில்லை. விலங்கை அறுப்பதும் கட்டாயமில்லை. ஆட்டிறைச்சி சமைத்து ஏழைகளுக்குப் பகிரும் வீடுகள் உண்டு, அவ்வளவே. வெளிச்சடங்கு இப்படித் தளர்ந்தபின் நாளின் பாரம் முழுவதும் உட்பொருளின் மேல் இறங்குகிறது. கொடுக்க வேண்டியது 'நஃப்ஸ்'. நான் என்று உள்ளே இருந்துகொண்டு ஆசைப்படுவது, சினப்படுவது, பெருமை பேசுவது எல்லாம் அதுவே.

இதைப் புரிந்துகொள்ள அவர்களின் இன்னொரு சொல் துணை செய்கிறது. மறுபிறப்பை அவர்கள் 'தகம்முஸ்' என்கிறார்கள். அதன் வேர் 'கமீஸ்', சட்டை. நம் கடைகளில் விற்கும் சல்வார் கமீஸில் இருக்கிற அதே கமீஸ். உயிர் ஒரு சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொன்றை உடுத்துகிறது. உடல் வெறும் சட்டை என்று நம்புகிறவருக்கு உடலை அறுப்பதில் பெரிய ஈகம் என்ன இருக்க முடியும்? சட்டைக்குள் இருப்பதைக் கொடுத்தால்தான் கொடை. இந்த இணைப்பு நானாகச் செய்துகொண்டது. ஆனால் இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் என்னால் வேறுவிதமாக எண்ண முடியவில்லை.

அந்தக் கொடைக்கான ஆயத்தமே 'லயாலி அல்அஷ்ர்', பத்து இரவுகள். துல்ஹஜ் மாதத்தின் முதல் பிறையோடு தொடங்கும். மாலையில் ஊரார் 'கல்வா'வில் கூடுகிறார்கள். தனித்திருத்தல் என்று பொருள்படும் அந்தச் சொல்லே அவர்களின் தொழுகைக்கூடத்துக்குப் பெயர். உள்ளே அலங்காரம் எதுவும் இருக்காது. மிதியடியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு திரை. மழித்த தலையில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் ஒரு புறம், வெள்ளை முக்காடிட்ட பெண்கள் மறு புறம். அறிவுரையும் துதிப்பாடலும் கேட்பது, ஆண்டு முழுவதும் செய்ததை எண்ணிக் கணக்குப் பார்ப்பது, பேச்சு நின்றுபோன உறவினர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது என்று இரவுகள் கழிகின்றன. நோன்பிருப்போரும் உண்டு.

வீட்டுக்குள் வேறொரு வேலை நடக்கிறது. ரவை மாவைப் பிசைந்து, பேரீச்சம்பழ விழுதை உருட்டி உள்ளே வைத்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பூ வடிவத்தில் 'மஅமூல்' வந்து விழும். பத்தாம் நாள் காலையில் வரும் விருந்தாளிக்கு அதையும் காப்பியையும் நீட்டுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பலி' என்பது பழைய சொல்தான். காக்கைக்கும் தெய்வத்துக்கும் இடும் சோறும் பூவும் பலிதான். கோயிலில் கொடிமரத்தருகே இருக்கும் பலிபீடத்தைக் காட்டி, 'உன் ஆணவத்தை இங்கே விட்டுவிட்டு உள்ளே போ' என்று பெரியவர்கள் சொல்வார்கள். துரூஸ் பெரியவர் ஒருவர் கேட்டால் தலையசைக்கக்கூடிய சொல் அது. ஆனால் 'லாரி மோதி மூவர் பலி' என்று நாள்தோறும் படித்துப் படித்து அந்தச் சொல்லை நாம் இழந்துவிட்டோம். மீட்பது கடினம்.

'தியாகத் திருநாள்' நன்றாக ஊன்றிவிட்ட வழக்கு, தவறில்லை. என்றாலும் தியாகி என்றவுடன் சிறை சென்றவரும் அவர் பெறும் ஓய்வூதியமும்தான் நம் நினைவில் எழுகின்றன. பிறருக்காக வெளியே செய்தது அது. பத்து இரவுகளின் வேலையோ உள்ளே நடப்பது. 'தற்கொடை' பொருளால் மிக நெருக்கம். ஆனால் போர்க்களத்தின் நிழல் அதன்மேல் அழுத்தமாகப் படிந்திருக்கிறது. 'ஈகைத் திருநாள்' என்று எழுதினால் நோன்புப் பெருநாளோடு குழம்பும்.

என் தேர்வு 'ஈகத் திருநாள்'. 'ஈ' என்ற அடியிலிருந்து வருவது. கொடுத்தல் என்பதற்கு மேல் எந்தச் சுமையும் அதன் தலையில் இல்லை. கொடுக்கும் பொருளை அது குறிப்பிடாமல் விடுகிறது. ஆடு கொடுப்பவருக்கும் பொருந்தும், தன்னைக் கொடுப்பவருக்கும் பொருந்தும். அந்த உள்வினைக்குத் தனியே ஒரு சொல் வேண்டுமென்றால் 'தன்னை ஒப்புக்கொடுத்தல்' என்று எழுதலாம். நம் கிறிஸ்தவ வழிபாட்டுத் தமிழ் நெடுங்காலமாகக் காத்துவரும் வினை இது. இதில் உள்ள 'ஒப்பு'தலை நான் விட விரும்பவில்லை: இழுத்துவரப்படும் விலங்கு ஒப்புவதில்லை, மனிதனால் ஒப்ப முடியும்.