மார்கழியில் சங்ககிரிக் கோட்டை: கீழே பனி, மேலே வெயில்

சேலம் மாவட்டத்துச் சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கூட்டம் வருவது ஆடியில். 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் இது. ஆடிப்பெருக்கன்று நினைவஞ்சலி செலுத்தப் பலரும் வருவார்கள். ஆனால் இந்த மலையை நின்று நிதானமாகப் பார்க்க மார்கழி, தை மாதக் காலைதான் ஏற்றது. ஏழு மணிக்கு அடிவாரத்தில் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் நிழலாகத்தான் தெரிவார். அதே நாள் எட்டேகாலுக்கு மேல்மதிலில் நின்றால் தலைக்கு மேலே நீல வானம், காலுக்குக் கீழே ஊரே பனிக்குள் முழுகிக் கிடக்கும்.

மேலே போகப் போகக் குளிர வேண்டும் என்பதுதான் பொது விதி. 100 மீட்டருக்குச் சுமார் 0.65 டிகிரி குறையும். மார்கழி விடியலில் இது புரண்டுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்தபின், தரை தன் சூட்டை இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இப்போது அதுவும் இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பான காற்று. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். மழையில் ஊறிய வயலும் வாய்க்காலும் கொடுக்கும் ஈரம் அந்தக் குளிர்க்காற்றில் சேர்ந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நீர்த்துளிகளாகிறது. அதுதான் மூடுபனி. பனி பெய்கிறது என்கிறோம்; உண்மையில் அது மேலிருந்து விழுவதில்லை, நின்ற இடத்திலேயே உருவாகிறது.

எல்லா நாளும் இது அமையாது. முந்தைய இரவு நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, மர இலை அசையாமல் இருந்து, இரண்டு மூன்று நாளுக்குள் மழையும் பெய்திருந்தால் நம்பிப் புறப்படலாம். காற்று வீசினால் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்து பனி சேராது.

இன்னொன்று: குளிர் உச்சத்தில் இருப்பது நடுநிசியில் அல்ல, பொழுது விடிந்த சற்று நேரத்தில். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க 6.40 ஆகிவிடும். சாய்வாக விழும் முதல் வெயிலைவிடத் தரை இழக்கும் வெப்பமே அதிகம் என்பதால் ஏழு மணி வரைக்கும் குளிர் ஏறும். அதன்பின் பனியை ஊடுருவிய வெயில் தரையைச் சுட, பனி அடியிலிருந்து கரையத் தொடங்கும். ஒன்பது மணிக்கு மேல் ஏறினால் அந்தக் காட்சி இல்லை. ஏற்றத்துக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள்.

காதுக்கும் அன்றைக்கு வேலை உண்டு. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போகும். ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். மேல்காற்று சூடாக இருக்கையில் தரையை ஒட்டிப் போகும் ஒலி மேலே தப்பாமல் கீழ்நோக்கி வளைகிறது. பக்கத்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கியின் திருப்பாவை விடியலில் வாசலுக்கே வந்து கேட்பதும், வெயில் ஏறியதும் காணாமல் போவதும் இதனால்தான்.

வழுக்கல்தான் உண்மையான ஆபத்து. திறந்த பாறை பகலில் வாங்கிய சூட்டை உள்ளே வைத்திருப்பதால் அதன்மேல் பனித்துளி குறைவாகவே படியும். புல்தான் சொட்டச் சொட்ட நனையும். ஓரத்துப் புல்லில் நடந்த செருப்போடு, பல தலைமுறைக் கால்பட்டு மழுங்கிய படியில் ஏறும்போதுதான் சறுக்குகிறது. புல்லை விட்டதும் அடிப்பாகத்தைச் சொரசொரப்பான கல்லில் நன்றாகத் தேயுங்கள். அதைவிட மோசம், பாறையில் மழைநீர் வழிந்த தடத்தில் தெரியும் கருங்கோடு. அது கறையல்ல, உயிருள்ள நீலப்பச்சைப் பாசி. காய்ந்திருக்கும்போது கல்லைப் போலச் சொரசொரக்கும். ஈரம் பட்டதும் ஊதி வழவழப்பாகிவிடும். தாண்டிப் போங்கள், மிதிக்காதீர்கள். நிழல் விழும் வாசல்களின் உட்புறம் பத்து மணிக்கும் காயாது.

குளிர்தானே என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தேவை. பாறைக்குழிச் சுனைகளில் மழைநீர் தேங்கியிருந்தாலும் அது குடிக்க உகந்ததல்ல. கருங்கல் நீரை உறிஞ்சாது, குளிர்காலத்தில் ஆவியாவதும் குறைவு. பருவமழையில் நிரம்பிய குழி மாதக்கணக்கில் வற்றாமல் நிற்பதால்தான் மலைக்கோட்டைக்குள் படை தங்க முடிந்தது.

அறச்சலூர் பக்கம் ஓடாநிலையையும் அன்றே பார்ப்பவர்கள் சங்ககிரியை முதலில் முடித்துவிட்டு ஈரோடு வழியாகப் போகலாம். சின்னமலை போரிட்ட அந்த மண் சமவெளி. பனிக்குள் போனால் மணிமண்டபத்தைத் தவிர ஒன்றும் புலப்படாது. பதினொரு மணி வெயிலில்தான் நாலாபுறமும் நிலம் எப்படித் திறந்து கிடக்கிறது என்பது தெரியும்.