எடுக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: கல் ஒட்டும் குச்சிக்குள் இருக்கும் அறிவியல்

ஒரு கல்யாண பிளவுஸின் கழுத்தோரம். ஆரி வேலை முடிந்து, ஜரிகைக் கொடிகளுக்கு நடுவே கண்ணாடிக் கற்கள் ஒட்டவேண்டிய கட்டம். ஒவ்வொரு கல்லும் 2 மில்லிமீட்டர் அகலம்தான், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அத்தைக்கு உதவலாம் என்று உட்கார்ந்த நான் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஒரு கல்லை எடுத்தேன். சுலபமாக வந்துவிட்டது. பசைப் புள்ளிமேல் வைத்துவிட்டு விரலைத் தூக்கினால் கல்லும் கூடவே வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி வந்தது. மூன்றாம் முறை கல் தலைகீழாகத் திரும்பி, பசை விரலில் அப்பிக்கொண்டது.

"விரல்ல எடுத்தா அது உன்னைத்தான் பிடிச்சுக்கும். தீக்குச்சியில மெழுகு உருட்டி எடுடி" என்றார் அத்தை.

மருந்தில்லாத முனையில் தேன்மெழுகை மிளகு அளவு உருட்டி வைத்த குச்சி அது. அதால் தொட்டதும் கல் எழுந்தது. பசைமேல் வைத்து லேசாகச் சாய்த்ததும் கல் அங்கேயே தங்கிவிட்டது. கைவினைக் கடைகளில் 'கல் எடுக்கும் பென்சில்' என்று விற்பதும், நக அலங்காரக்காரர்கள் கையில் இருப்பதும் இந்தக் குச்சியின் தம்பிகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு: குச்சியின் பிடி கல்லின் எடையைவிட அதிகமாக இருக்கவேண்டும், பசையின் பிடியைவிடக் குறைவாக இருக்கவேண்டும். என் ஈர விரல் முதல் பாதியில் தேறி, இரண்டாம் பாதியில் தோற்றது.

ஏன் தோற்றது என்று பார்க்கக் கல்லின் எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். கற்களின் அளவை 'எஸ்எஸ்' என்று ஓர் எண்ணோடு சொல்வார்கள். எஸ்எஸ்-6 என்றால் சுமார் 2 மி.மீ., எஸ்எஸ்-16 என்றால் சுமார் 4 மி.மீ. அடி தட்டையான 2 மி.மீ. கண்ணாடிக் கல் ஒன்று ஏறக்குறைய 5 மில்லிகிராம் இருக்கும். அதைப் பூமி இழுக்கும் விசை சுமார் 50 மைக்ரோநியூட்டன். இந்த எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

இப்போது தண்ணீர். 1 மி.மீ. அகல உருண்டை முனை ஒன்றை நனைத்துக் கல்லின் தட்டையான முகத்தில் தொடுகிறோம். நடுவில் ஒரு சின்ன நீர்ப் பாலம் உருவாகும். அதன் பரப்பு இழுவிசை கல்லை மேலே இழுக்கும். கணக்குப் போட்டால் அந்த இழுப்பு அதிகபட்சம் 450 மைக்ரோநியூட்டன் வரை போகலாம். கல்லின் எடையைப்போல 9 மடங்கு! நனைந்த பல்குச்சியே இவ்வளவு இழுக்கும் என்றால், கல்லை முழுசாக மூடிக்கொள்ளும் ஈர விரல் எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரமான பசைப் புள்ளியால் அதோடு போட்டி போட முடியவில்லை.

சின்னப் பொருள்களின் உலகமே இப்படித்தான். ஒரு கல்லின் அகலத்தைப் பாதியாக்கினால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஈரத்தின் ஒட்டுவிசை நீளத்தோடு போவது, அது பாதிதான் குறையும். அதாவது பொருள் சிறுக்கச் சிறுக்க எடை வேகமாகக் காணாமல் போகும், ஒட்டுதல் மட்டும் மிஞ்சி நிற்கும். நமக்குக் கீழே விழுவது பிரச்சினை. சீக்குவின்ஸுக்கும் மணிகளுக்கும் விழாமல் இருப்பதுதான் பிரச்சினை. பிளாஸ்டிக் கற்கள் என்றால் இன்னும் ஒரு தொல்லை உண்டு. காற்று வறண்ட நாளில் அவை உரசி மின்னேற்றம் பெற்று, டப்பாவின் ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொண்டு கொட்ட மறுக்கும்.

சரி, சாமணத்தால் எடுத்தால் என்ன? (ட்வீசர் என்று இப்போது சொன்னாலும் நகைப்பட்டறையில் அதற்குச் சாமணம் என்றுதான் பெயர்.) எடுக்கலாம், ஆனால் பழகாத கையில் கல் தெறித்து எங்கேயாவது போய் விழும். சீத்தாப்பழ விதையை இரண்டு விரலால் அழுத்தித் தெறிக்கவிட்டு விளையாடியிருப்பீர்கள் அல்லவா? அதே விஷயம். பட்டை தீட்டிய கல்லின் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் உச்சியை நோக்கிச் சரிந்திருக்கின்றன. சாமணத்தின் இரண்டு தாடைகளும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன, ஆனால் சரிவான பட்டையில் பட்டதும் அந்த விசையில் ஒரு பங்கு கல்லை நழுவவைக்கும் திசைக்குத் திரும்பிவிடுகிறது. உராய்வு அதைத் தடுக்கும்வரை கல் நிற்கும். அப்புறம் இன்னும் பத்திரமாகப் பிடிக்கலாம் என்று நாம் அழுத்தத்தைக் கூட்டினாலும் பயனில்லை. உராய்வும் நழுவும் விசையும் சேர்ந்தே கூடும். சரிவு அதிகம் என்றால் எவ்வளவு மென்மையாகப் பிடித்தாலும் நழுவும், பலமாகப் பிடித்தால் வேகமாக நழுவும், அவ்வளவுதான். கல் பார்ப்பவர்களின் சாமண நுனியில் உள்பக்கம் வரிவரியாகக் கீறல் போட்டிருப்பது கல்லின் விளிம்பு அதில் உட்கார்ந்துகொள்ளத்தான்.

மெழுகு கல்லின் பக்கத்தைத் தொடுவதே இல்லை, உச்சியைத் தொடுகிறது. அங்கேதான் அதன் சாமர்த்தியம். இப்படிப் பட்டை தீட்டிய கல்லுக்கு உச்சியில் ஒரு சின்னத் தட்டை முகம் உண்டு. அது கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன்மேல் கடினமான ஒரு குச்சியை வைத்தால் சில புள்ளிகளில்தான் உண்மையிலேயே தொடும், மற்ற இடமெல்லாம் காற்று இடைவெளி. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு சில நானோமீட்டர் தூரத்துக்குள்தான் வேலை செய்யும். ஆகவே இடைவெளி இருந்தால் ஒட்டாது. இளகிய தேன்மெழுகு அப்படி இல்லை. அமுக்கியதும் அமுங்கி, மேடுபள்ளங்களில் எல்லாம் நிரம்பி, அங்கேயே நின்றுவிடும்.

எவ்வளவு மென்மையாக இருந்தால் ஒரு பொருள் தொட்டதும் ஒட்டும்? 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் டால்க்விஸ்ட் 1960களில் இதற்கு ஓர் எல்லை சொன்னார். ஒட்டுநாடாக்களின் பசையைப் பார்த்துச் சொன்னது. பொருளின் விறைப்பு ஏறக்குறைய 1 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் அது தொட்ட மாத்திரத்தில் பிசுபிசுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது, அதனால் ஒட்டுவதில்லை. சுவரில் படம் ஒட்டுகிற நீலக் களிமண் போன்ற பசை இருக்கிறதே, அதைப் பல்குச்சியில் உருட்டி வைத்தாலும் கல் எழுந்துவிடும்.

தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரியில் உருகும். ஆனால் விரல் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். இதனால் இந்தக் குச்சிக்கு ஊர் வெயில் தெரியும். சித்திரை மதியத்தில் மெழுகு அளவுக்கு மீறி இளகி, கல்லின் முகத்தில் மங்கலான படலத்தை விட்டுவிடும். அத்தை அப்போது குச்சியைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். மார்கழிக் காலையில் நேர்மாறு, விரலிடுக்கில் வைத்துப் பிசைந்தால்தான் வேலைக்கு வரும். நகைப்பட்டறைகளில் கல் எடுக்கத் தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து கூம்பு பிடித்து வைத்துக்கொள்வார்கள். கரி சேர்ந்தால் மெழுகு இறுகும், கல்லில் அப்புவது குறையும். பிடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, விடுவது சுத்தமாக இருக்கவேண்டும் என்று யாரோ கைப்பழக்கத்திலேயே கண்டுபிடித்த அளவு அது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

விடுவதற்கு வருவோம். மூன்று விஷயங்கள் கூட்டுச் சேர்கின்றன.

முதலாவது பரப்பு. மெழுகு கல்லின் உச்சியில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் தொடுகிறது. பசையோ 2 மி.மீ. அகலமான அடிப்பக்கம் முழுவதையும் பிடிக்கிறது. பரப்பளவில் 16 மடங்கு வித்தியாசம். அதனால்தான் மெழுகு முனை கூராக இருக்கவேண்டும். முனை மழுங்கி கல்லை அரைவாசி மூடும்போது என் ஈர விரலின் கதைதான் நடக்கும். பசையைப் புள்ளி வைத்ததும் கல்லை வைக்காமல் சில நொடி பொறுப்பதும் இதற்காகத்தான். கரைப்பான் கொஞ்சம் ஆவியாகிப் பசை கெட்டிப்பட்டதும் அதன் பிடி கூடிவிடும்.

இரண்டாவது சாய்ப்பு. ஒட்டுநாடாவை நேராகப் பிடித்து இழுத்தால் சுலபத்தில் வராது, ஓரத்தைத் தூக்கி உரித்தால் வந்துவிடும். நேராக இழுக்கும்போது விசை முழுப் பரப்பிலும் பரவுகிறது, உரிக்கும்போது ஒரே கோட்டில் குவிகிறது. குச்சியைச் சாய்க்கும்போது மெழுகின் ஓர் ஓரம் முதலில் பிரிகிறது, பிரிவு அங்கிருந்து ஓடி மறு ஓரத்துக்குப் போய்விடுகிறது. அத்தையின் மணிக்கட்டு அந்தக் கால்வாசிச் சுற்றைப் போடுவதை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது வேகம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மென்மையான ரப்பர் போன்ற பொருள்கள் பாதி பாகு, பாதி மீள்தன்மை உள்ளவை. அவற்றை வெடுக்கென்று இழுத்தால் பிடி கூடும், மெதுவாக உரித்தால் பிடி குறையும். ஆகவே சிலிகோன் முனை உள்ள கருவி என்றால், எடுக்கும்போது சட்டென்று தூக்கவேண்டும், வைத்தபிறகு நிதானமாகச் சாய்த்து விலகவேண்டும். இதே தந்திரத்தை அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2006ல் சிலிக்கன் (மின்னணுச் சில்லுகள் செய்யும் பொருள்) துணுக்குகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ரப்பர் முத்திரை ஒன்றை வேகமாகத் தூக்கினால் துணுக்குகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்தன, வேறோர் இடத்தில் அழுத்தி மெதுவாக உரித்தால் அங்கே தங்கின. ஒரே முத்திரை, பசை எதுவும் இல்லை, வேகம் மட்டும்தான் வேறு. மைக்ரோ எல்இடி திரைகளுக்காக ஆயிரக்கணக்கான விளக்குத் துணுக்குகளை ஒரே நேரத்தில் இடம் மாற்றும் முறைகளில் இதுவும் ஒன்று. பிளவுஸ் கழுத்தில் கல் வைப்பதற்கும் திரையில் விளக்கு வைப்பதற்கும் இவ்வளவு நெருக்கம்.

மெழுகே வேண்டாம் என்பவர்களுக்கு உறிஞ்சும் பேனா இருக்கிறது. மின்னணுப் பலகைகளில் சில்லு வைப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது. 1 மி.மீ. துளைக்குள் காற்றழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் வெளிக்காற்று சுமார் 4 கிராம் எடையைத் தாங்கும் அளவுக்கு அழுத்தும். நம் 5 மில்லிகிராம் கல்லுக்கு அது 800 மடங்கு. துளையைத் திறந்து காற்றை உள்ளேவிட்டால் பிடி உடனே போய்விடும், விடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் துளை கல்லின் உச்சி முகத்துக்குள் முழுவதும் அடங்கவேண்டும். சரிவுப் பட்டையில் கொஞ்சம் இடறினாலும் காற்று கசிந்து பிடி கரைந்துவிடும். அதனால் தட்டையான குந்தன் கல்லுக்கு ஏற்றது, பொடிக்கற்களுக்கு மிக மெல்லிய முனை வேண்டும்.

இன்னொரு கருவி சூட்டை நம்புவது. ஹாட்ஃபிக்ஸ் கற்களின் அடியில் பசை ஏற்கெனவே காய்ந்த நிலையில் இருக்கும். சாலிடரிங் கோல் மாதிரியான ஒரு கருவியின் முனையில் கல்லின் அளவுக்கேற்ற சின்னக் குழிக் கிண்ணம். கிண்ணத்தைக் கல்லின்மேல் அழுத்தினால் அது உள்ளே பொருந்திக்கொள்ளும், சில நொடியில் பசை உருகிப் பளபளக்கும், துணியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி சூட்டை மெதுவாகக் கடத்துவதால்தான் அந்தச் சில நொடிக் காத்திருப்பு. பெரிய கல்லுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். அவசரப்பட்டால் மேலே சுட்டு அடியில் பசை உருகாமல், முதல் சலவையிலேயே கல் உதிரும். சில கிண்ணங்களின் பக்கத்தில் ஒரு பிளவு இருப்பதைக் கவனித்திருக்கலாம். கல் உள்ளே சிக்கினால் ஊசியால் தள்ளி வெளியே எடுக்க அது.

எந்தக் கருவியாக இருந்தாலும் கல் முகம் மேலே பார்த்துக் கிடக்கவேண்டும். அதற்கு ஒரு சின்ன வரிப்பள்ளத் தட்டு போதும். கற்களைக் கொட்டி லேசாகக் குலுக்கினால், தட்டை அடியில் நிலையாக உட்காரும் கற்கள் அப்படியே நின்றுவிடும், தலைகீழாகக் குறுகிய உச்சியில் நிற்கும் கற்கள் ஆடிக்கொண்டே இருந்து புரண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலானவை நிமிர்ந்திருக்கும். மிச்சம் இருப்பவற்றை மெழுகுக் குச்சியால் தொட்டுத் திருப்பலாம்.

அன்று நான்கு மணி நேரத்தில் கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசை முடித்தோம். மெழுகு முனையில் நூல் பிசிறு சேர்ந்தபோதெல்லாம் அத்தை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டுப் புதிதாக உருட்டினார். பிசிறு படிந்த மெழுகுக்குக் கல்லைத் தொட இடமிருக்காது. கடைசிக் கல்லை என்னிடம் கொடுத்தார். வைத்தேன், சாய்த்தேன், மெதுவாக விலக்கினேன். கல் அசையவில்லை.