அறுமடல் திருகாணி: ‘ஸ்டார்’ என்று நாம் அழைக்கும் டார்க்ஸ்

காரின் முன்விளக்கையோ கதவுக் கொக்கியையோ வீட்டு வாசலில் வைத்துத் தாமே கழற்ற முனைபவர்கள், தட்டைத் திருப்புளிக்கும் பிளஸ் திருப்புளிக்கும் மசியாத ஒரு திருகாணியை விரைவிலேயே எதிர்கொள்வார்கள். ஆறு இதழ்கள் கொண்ட சிறு பூவொன்றை இரும்பில் அழுத்தி எடுத்தது போன்ற குழி அதன் தலையில் இருக்கும். பணிமனைகளில் இதற்கு ‘ஸ்டார்’ என்று பெயர். ஹார்டுவேர் கடையிலும் ‘ஸ்டார் பிட்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உலகச் சந்தையில் வழங்கும் வணிகப் பெயர் டார்க்ஸ். பொதுப் பெயராகத் தமிழில் ‘அறுமடல் திருகாணி’ என்று சொல்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தில் பாதி மொழி சார்ந்தது. மறுபாதி, திருகாணியின் தலை கெடாமல் கழற்றுவது சார்ந்தது.

டார்க்ஸ் வடிவத்தை 1967-இல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் நிறுவனம் உருவாக்கியது. முறுக்குவிசையைக் குறிக்கும் ‘டார்க்’ என்னும் சொல் அப்பெயரின் ஒலியிலேயே கேட்கிறது. அச்சொல்லின் வேர் ‘டார்க்குவேரே’ என்னும் லத்தீன் வினை; அதற்கு முறுக்குதல், திருகுதல் என்று பொருள். பொன்னையோ வெண்கலத்தையோ முறுக்கிச் செய்து பண்டைய கெல்டிய மக்கள் கழுத்தில் அணிந்த வளையத்துக்கும் லத்தீனில் இதே வேரிலிருந்துதான் ‘டார்க்குவெஸ்’ என்ற பெயர் அமைந்தது. இயந்திரவியலில் இச்சொல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கலைச்சொல்லாக இடம்பெற்றது. ஆக, அணிகலனில் வழங்கிய ஒரு வேர் பின்னாளில் போல்ட்டின் தலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழிலும் இதே வழித்தடம் இருப்பது எனக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது. நம் வீடுகளில் ‘திருகாணி’ என்ற சொல் முதலில் காதில் விழுவது தோட்டையும் மூக்குத்தியையும் பற்றிய பேச்சில்தான். ‘திருகாணி தொலைந்துவிட்டது’ என்றால் தேடுவது தங்கத்தை. திருகு, ஆணி என்னும் இரண்டு சொற்களின் சேர்க்கை இது. இவற்றுள் ‘திருகு’ என்பது முறுக்கலையும் சுழற்றலையும் குறிக்கும். தானியம் உடைக்கும் ‘திருகை’ என்னும் கற்கருவி அந்தச் சுழற்சியால் பெயர் பெற்றது. ‘ஆணி’ வண்டியோடு கொண்ட உறவு மிகப் பழையது. உருண்டோடும் பெரிய தேருக்கு அச்சாணி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 667-ஆம் குறள் உவமையாக்குகிறது. மாட்டு வண்டியின் கடையாணியும் அதே குடும்பம்தான். வாகனத்தின் பாகத்தைக் கழலாமல் நிறுத்தும் பொருளுக்கு இத்தனை காலமாகச் சொல் வைத்திருக்கும் மொழி, காருக்குள் இருக்கும் திருகாணியைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

திருகாணியின் உடலில் சுருளாக ஓடும் வரிக்குப் பெயர் மரை. ‘மரை கழன்றவன்’ என்னும் வசைச்சொல்லால் அந்தச் சொல் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கிறது. மெக்கானிக்குகளும் ‘மரை போயிடுச்சு’ என்று நாள்தோறும் சொல்கிறார்கள். எனவே உடலுக்குச் சொல் தேட வேண்டிய தேவை இல்லை. தலையில் உள்ள குழிக்குத்தான் பெயர் வேண்டும். ‘திருப்புளி’ என்ற சொல்லைப் பிரித்தால் திருப்பு, உளி என்று வரும். தட்டையான வெட்டில் தட்டையான உளிமுனை நுழைந்து திருப்பிய காலத்தில் பிறந்த சொல் அது. குழிகளின் வடிவம் பெருகியபோது கருவிகளின் பெயர்களும் பெருகியிருக்க வேண்டும். நாம் பிளஸ், ஸ்டார் என்று இரண்டொரு கடன்சொற்களோடு நிறுத்திக்கொண்டோம்.

குழியின் வடிவம் ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பதை அறிந்தால் பெயரின் தேவை விளங்கும். பிலிப்ஸ் என்னும் பிளஸ் தலையை 1936-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. கூம்பு வடிவக் குழி என்பதால் முனை தானாகவே நடுவில் வந்து அமரும்; இயந்திரத்தால் முடுக்கும் தொழிற்சாலைக்கு அது வசதி. ஆனால், விசை கூடும்போது அதே கூம்பின் சரிவில் முனை வழுக்கி மேலேறி வெளியே வந்துவிடும். துருப்பிடித்த திருகாணியைக் கழற்ற முயன்றவர்கள் அந்த ‘கிறுக்’ என்ற ஓசையை மறந்திருக்க மாட்டார்கள். அறுகோணக் குழியில் இந்த வழுக்கல் இல்லை. 1910-இல் காப்புரிமை பெற்ற வில்லியம் ஆலன் என்ற அமெரிக்கரின் பெயரால் அதன் சாவி ஆலன் கீ ஆயிற்று. நம் கடைத்தெருவில் அது ‘எல்.என். கீ’ என்று திரிந்தது. ஒரு மனிதரின் பெயர் இரண்டு எழுத்துகளாகச் சுருங்கியதும், கருவியின் வடிவத்தை அறியும் வழி முற்றாக அடைபட்டுவிட்டது. அறுகோணக் குழிக்கும் ஒரு குறை உண்டு. சாவியின் மூலைகள் குழியின் சுவரைச் சுழலும் திசையில் மட்டும் தள்ளுவதில்லை. பெரும்பங்கு விசை சுவரை வெளிப்புறமாகவும் நெருக்குகிறது. சுழலும் திசையிலிருந்து விசை விலகும் கோணம் அறுகோணத்தில் 60 பாகை. டார்க்ஸில் அது 15 பாகைதான். பின்னர் வந்த டார்க்ஸ் பிளஸ் என்னும் வடிவில் அது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. கொடுக்கும் விசை திருகுவதற்கே செலவாவதால் குழி எளிதில் தேய்வதில்லை. இந்தப் பயன் முழுவதும் அந்த ஆறு மடல்களின் வளைவில் இருக்கிறது.

டார்க்ஸ் என்பது வணிக முத்திரையாகையால், பன்னாட்டுத் தர அமைப்பின் 10664-ஆம் எண் தரநிலை அப்பெயரைத் தவிர்த்து, ‘ஹெக்ஸலோபுலர்’ என்னும் பொதுப்பெயரைக் கொண்டது. ‘ஹெக்ஸா’ என்பது ஆறு. அடுத்த பகுதியின் மூலமாகிய ‘லோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் காதின் தொங்கும் சதையைக் குறித்தது. தமிழில் காதுமடல் என்கிறோம். நுரையீரலின் பகுதிகளையும் மடல் என்றே உடலியல் நூல்கள் எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் காதுமடலைக் காதுச்சோணை என்றும் இதயத்தின் மேலறையைச் சோணையறை என்றும் வழங்குவதால் ‘அறுசோணை’ என்பதும் பிழையாகாது. இருப்பினும் தாழைமடல், பாளைமடல் என்று வளைந்த வடிவங்களோடு பழகிய சொல் என்பதால் மடலையே நான் தேர்கிறேன். காதில் பிறந்த திருகாணிக்குக் காதிலிருந்தே அடைமொழியும் கிடைத்துவிட்டது.

‘விண்மீன் திருகாணி’ என்று ஸ்டாரை நேராக மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்து கற்றேன். என் பழைய ஐரோப்பிய காரில், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டாகிய டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அதன் உள்முனையைக் கியர்ப்பெட்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பற்றி விசாரித்தபோது ‘ஸ்டார்தான், எட்டாம் அளவு’ என்றார்கள். கடையில் ‘ஸ்டார்’ என்று கேட்டு வாங்கிவந்த முனைகளில் டி45 என்ற அளவுடையது உள்ளே போயிற்று, அமர்ந்தது போலவும் தோன்றியது. நீள்பிடியை அழுத்தியதும் ஒரு கணம் இறுகி, பிறகு வெண்ணெயில் கரண்டி திரும்புவது போலத் திரும்பியது. முனையை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன் விளிம்பில் வெள்ளிச் சீவல்கள் ஒட்டியிருந்தன. கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் குழிக்குள் எண்ணினேன். ஆறு இல்லை, பன்னிரண்டு.

அது வேறு இனம். மூன்று சதுரங்களை 30 பாகை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்தால் கிடைக்கும் பன்னிரண்டு கூர்முனைகள் கொண்ட குழி அது. ஜெர்மானியர் ‘பல பற்கள்’ என்ற பொருளில் ‘ஃபீல்ட்சான்’ என்பார்கள். எக்ஸ்.இசட்.என். என்றும் அது அழைக்கப்படும். ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா கார்களில் இதைப் பரவலாகக் காணலாம். எம்8, எம்10 என்று அதற்கு அளவெண்கள் தனி. ஆறு மடல்கள் 60 பாகைக்கு ஒன்றாக அமைவதால், பன்னிரண்டு பள்ளங்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் அவை பொய்யாகப் பொருந்திவிடுகின்றன. மடலின் வளைவுக்குச் சுவர் கிடைக்காமல் நுனி மட்டும் தாங்கும். விசை ஏறியதும் பற்கள் மழுங்கும். கடைக்காரரைக் குறைகூற இடமில்லை, என்னையும்கூட முழுமையாகக் குறைகூற இயலாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில்தான் தவறு தொடங்கியது. விண்மீனுக்கு எத்தனை முனை என்று எவரும் எண்ணுவதில்லை. ‘அறுமடல்’ என்பதில் எண் இருக்கிறது. மற்றதைப் ‘பன்னிருமுனை’ என்று அழைத்தால் அதிலும் எண் இருக்கும். பெயரைச் சொல்லும்போதே குழிக்குள் பார்த்து எண்ணத் தூண்டும் சொல் வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த ஒரு போல்ட்டின் தலையை வெளிப்புறமாகப் பூட்டுக்குறட்டால் கவ்வி, ஊடுருவும் எண்ணெயை இட்டுக் காத்திருந்து, கால் சுற்று கால் சுற்றாகக் கழற்றினேன். மீதி ஐந்தையும் சரியான முனை வாங்கிவந்த பிறகே தொட்டேன். அவற்றின் குழிகளில் இறுகிப்போயிருந்த மண்ணையும் கிரீஸையும் ஊசியால் கிளறி எடுத்து, முனையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி அடிவரை இறக்கிய பின் விசை கொடுத்தபோது, ஐந்தும் ‘டக்’ என்ற ஒரே ஓசையோடு விட்டன. அறுமடலுக்கும் இதே முறைதான். குழியின் அடியில் ஒரு மில்லிமீட்டர் மண் இருந்தாலும் முனை மேலே நின்றுவிடும். அப்போது மேல்விளிம்பு மட்டுமே தாங்குவதால் நல்ல வடிவமும் கெடும்.

டி என்ற எழுத்துக்குப் பின் வரும் எண் மில்லிமீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். அது வரிசை எண் மட்டுமே. டி30 முனை மடலுக்கு மடல் ஏறக்குறைய 5.5 மி.மீ. இருக்கும், டி40 ஏறக்குறைய 6.7 மி.மீ.; டி50 ஏறக்குறைய 8.8 மி.மீ. டி27 போன்ற இடைப்பட்ட அளவுகளும் உள்ளன. அடுத்த சிறிய அளவு உள்ளே போய் ஆடும், ஆனாலும் திருப்ப முடியும் போலத் தோன்றும். ஆகையால் பெரிய அளவிலிருந்து தொடங்கி, நுழையும் முதல் முனையைக் கொள்வதே பாதுகாப்பு. ஆலன் சாவியை அறுமடல் குழிக்குள் செருகிப் பார்ப்பதை மட்டும் செய்யவே வேண்டாம்.

இன்னும் இரண்டு உறவுப்பெயர்கள் எஞ்சுகின்றன. குழியாக இல்லாமல் போல்ட்டின் தலையே ஆறு மடலாகப் புடைத்திருந்தால், அதற்குக் குழிவான சாக்கெட் தேவை; அது இ8, இ10 என்று இ எழுத்தால் குறிக்கப்படும். டி வரிசைக்கும் இ வரிசைக்கும் எண் ஒத்துப்போகாது. முன்னதை ‘உள் அறுமடல்’ என்றும் இதைப் ‘புற அறுமடல்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். மற்றொன்று, குழியின் நடுவே சிறு முள் நிற்கும் வகை. கண்டவர் கழற்றாதிருக்கச் சில உணரிகளிலும் மின்னணுப் பெட்டிகளிலும் இதைப் பொருத்துகிறார்கள். ‘நடுமுள் அறுமடல்’ என்பது இதற்குப் பொருந்தும். சிலர் அந்த முள்ளைத் தட்டி ஒடிக்கிறார்கள். ஒடிந்த துண்டு குழிக்குள் சிக்கினால் பிறகு எந்த முனையும் அடிவரை இறங்காது. நடுவில் துளையுள்ள முனை, முள் உள்ள குழிக்கும் முள் இல்லாத குழிக்கும் பொருந்தும் என்பதால், புதிதாகத் தொகுப்பு வாங்குபவர்கள் துளையுள்ளதையே வாங்கலாம். அந்தத் துளையால் முனை சற்று வலுக்குறையும். பிரேக் தட்டிலும் இருக்கைப் பட்டையிலும் உள்ள இறுகிய திருகாணிகளுக்குத் துளையில்லாத டி30, டி50 முனைகளைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.