போஸ்ட்-பில்ட் ஈவென்ட் ஓடவில்லையா? முதலில் பில்ட் ஓடியதா என்று பாருங்கள்

"அண்ணா, பில்ட் போட்டா எர்ரர் எதுவும் வரல. ஆனா போஸ்ட்-பில்ட் ஈவென்ட் ஓடவே மாட்டேங்குது. விஷுவல் ஸ்டுடியோவுல ஏதோ பக் போல."

இந்த வாரமும் இதே புகார். பில்ட் என்பது எழுதிய கோடை ஓடும் ப்ரோக்ராமாக்குவது; அது முடிந்ததும் தானாக ஓட நாம் எழுதிவைக்கும் கட்டளைகள்தான் போஸ்ட்-பில்ட் ஈவென்ட். ஒரு குழு, ப்ராஜெக்ட்டுக்கு வெளியே பொது ஃபோல்டரில் இருந்த செட்டிங்ஸ் ஃபைலில் சர்வர் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறது. அந்த ஃபைலை அவுட்புட் ஃபோல்டருக்கு காப்பி செய்வது போஸ்ட்-பில்ட் ஈவென்ட்டின் வேலை. பில்ட் போட்டார்கள், ஃபோல்டரை ஜிப் செய்தார்கள், வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார்கள். போனது பழைய ஃபைல். வாடிக்கையாளரின் உண்மையான தரவு டெஸ்ட் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு மேலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பில்ட் பட்டனை அழுத்தினால் பில்ட் நடக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நடக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் பட்டனை அழுத்தியதும் விஷுவல் ஸ்டுடியோ, உண்மையில் பில்டை நடத்தும் எம்எஸ்பில்டை உடனே கூப்பிடுவதில்லை. அதற்குத் தெரிந்த இன்புட் ஃபைல்களின் நேரத்தையும் அவுட்புட்டின் நேரத்தையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது. எதுவும் மாறவில்லை என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிடும். கம்பைலர் ஓடாது, எம்எஸ்பில்டும் ஓடாது. எம்எஸ்பில்டே ஓடாதபோது அதற்குள் இருக்கும் ஈவென்ட் எப்படி ஓடும்? உங்கள் செட்டிங்ஸ் ஃபைல் அந்த இன்புட் பட்டியலில் இல்லை. அதை நீங்கள் நூறு முறை மாற்றினாலும் விஷுவல் ஸ்டுடியோவின் கண்ணில் ப்ராஜெக்ட் மாறவில்லை.

இதை அது மறைப்பதும் இல்லை. அவுட்புட் விண்டோவின் கடைசி வரியைப் படியுங்கள். "0 சக்சீடட், 0 ஃபெயில்டு, 1 அப்-டு-டேட், 0 ஸ்கிப்டு" என்று இருந்தால் பில்ட் நடக்கவில்லை என்று பொருள். எர்ரர் லிஸ்ட் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு சக்சஸ் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அதே வரியில் "ஸ்கிப்டு" எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் வந்தால், கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அந்த ப்ராஜெக்ட்டின் பில்ட் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

"ஆனா பில்ட் சர்வர்ல ஒழுங்கா ஓடுதே?" என்பது அடுத்த கேள்வி. ஓடத்தான் செய்யும். இந்த முன்சோதனை விஷுவல் ஸ்டுடியோவுக்குள் மட்டும்தான். கமாண்ட் லைனிலிருந்து எம்எஸ்பில்டையோ டாட்நெட் பில்டையோ நேராக ஓட்டினால் இது கிடையாது.

"ரீபில்ட் போட்டா சரியாயிடுதே" என்பதும் இதே கதைதான். ரீபில்ட் பழையதைத் துடைத்துவிட்டுக் கட்டுவதால் எல்லாம் ஓடும். ஓடியதும் காரணத்தைத் தேடுவதை விட்டுவிடுவீர்கள். அடுத்த மாதம் குழுவுக்குப் புதிதாக வருபவருக்கு ரீபில்ட் போட வேண்டும் என்று தெரியாது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

எஸ்டிகே-ஸ்டைல் (புதிய வடிவ) ப்ராஜெக்ட்டில் அந்த செட்டிங்ஸ் ஃபைலை 'அப்டுடேட்செக்இன்புட்' ஐட்டமாக, அதாவது முன்சோதனையின் இன்புட்டாகச் சேர்த்தால் போதும். முன்சோதனையையே அணைக்கும் 'டிசேபிள்ஃபாஸ்ட்அப்டுடேட்செக்' என்ற வழியும் உண்டு. சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். பெரிய சொல்யூஷனில் ஒவ்வொரு முறை எஃப்5 அழுத்தி ஓட்டும்போதும் காத்திருக்க வேண்டிவரும். உண்மையில் ஒரு ஃபைலை காப்பி செய்ய ஈவென்ட்டே தேவையில்லை. அதை ப்ராஜெக்ட்டில் ஐட்டமாகச் சேர்த்து 'காப்பி இஃப் நியூவர்' என்று வைத்தால் வேலை முடிந்தது.

எம்எஸ்பில்ட் ஓடியும் ஈவென்ட் ஓடவில்லை என்றால், போஸ்ட்-பில்ட் ஈவென்ட் எப்போது ஓட வேண்டும் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். எப்போதும், பில்ட் வென்றால், அவுட்புட் மாறினால் என்று மூன்று தேர்வுகள். மூன்றாவதை யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்புறம், ஓடவில்லை என்று வந்த ஈவென்ட்களில் கணிசமானவை ஓடியவைதான். பாதியில் நின்றிருக்கும். ஈவென்ட்டில் நீங்கள் எழுதும் வரிகள் எல்லாம் ஒரு தற்காலிக பேட்ச் ஃபைலாகி (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) ஓடுகின்றன. அதற்குள்ளிருந்து இன்னொரு பேட்ச் ஃபைலை 'கால்' போடாமல் கூப்பிட்டால், கட்டுப்பாடு திரும்பி வராது. கீழே இருக்கும் வரிகள் ஓடாது. கூப்பிட்ட ஃபைலின் எக்ஸிட் கோடு (முடியும்போது திருப்பித் தரும் எண்) பூஜ்யமாக, அதாவது வெற்றியாக இருந்தால் பில்ட் சக்சஸ் என்றே வரும். சி ஷார்ப் ப்ராஜெக்ட்டில் எக்ஸிட் கோடு என்பது கடைசி வரி விட்டுச்சென்றதுதான். நடுவில் ஒரு காப்பி தோற்றுப்போய், கடைசியில் இன்னொரு காப்பி வென்றால் தோல்வி வெளியே தெரியாது.

விண்டோஸின் காப்பி கட்டளைகளில் ஒன்றான ரோபோகாப்பி இதற்கு நேர் எதிர். ஃபைல்களைச் சரியாக காப்பி செய்துவிட்டு அது 1 என்று திருப்பித் தரும். 0 முதல் 7 வரை அதன் கணக்கில் தோல்வி இல்லை, 8-லிருந்துதான் தோல்வி. எம்எஸ்பில்டுக்கோ பூஜ்யம் தவிர எல்லாமே தோல்வி. எம்எஸ்பி3073 என்று எர்ரர் வரும். உடனே கடைசியில் 'எக்ஸிட் 0' என்று ஒரு வரி போட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து உண்மையான தோல்வியும் தெரியாது. ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பாதையைத் தரும் ப்ராஜெக்ட்டிர் மேக்ரோ எப்போதும் பின்சாய்வுக்கோட்டில் முடியும். அதை மேற்கோள் குறிக்குள் போட்டு ரோபோகாப்பிக்குக் கொடுத்தால், கடைசிக் கோடு மேற்கோளை விழுங்கி 16 வரும், ஒரு ஃபைலும் போகாது. 'எக்ஸிட் 0' இருந்தால் அதுவும் சக்சஸ்தான். 8-க்குக் கீழே இருந்தால் மட்டும் பூஜ்யமாக்குங்கள். ஒரே ஒரு இஃப் வரி. மேக்ரோவுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் மேற்கோள் பிரச்சினையும் தீரும்.

பழைய ப்ராஜெக்ட்டை எஸ்டிகே-ஸ்டைலுக்கு மாற்றியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் எழுதிய 'ஆஃப்டர்பில்ட்' டார்கெட் (எம்எஸ்பில்ட் ஓட்டும் வேலைத் தொகுப்பு) ஓடாது. எஸ்டிகே-யின் டார்கெட்கள் உங்கள் ஃபைலுக்குப் பின்னால் சேர்கின்றன. அதே பெயரில் அங்கே ஒரு வெற்று டார்கெட் இருக்கிறது. எம்எஸ்பில்டில் கடைசியாக வருவதுதான் செல்லும். ஒரு வார்னிங் கூட வராது. வேறு பெயர் வைத்து, 'ஆஃப்டர்டார்கெட்ஸ்' மூலம் பில்டோடு இணையுங்கள். பழைய போஸ்ட்பில்ட்ஈவென்ட் ப்ராப்பர்ட்டியை அப்படியே கொண்டுவந்தாலும் டார்கெட்பாத் போன்ற மேக்ரோக்கள் காலியாக வரும். சரி, டார்கெட்டாகவே மாற்றிவிட்டேன் என்கிறீர்களா? இப்போது ஓடும் இடம் மாறிவிட்டது. பழைய ஈவென்ட் அவுட்புட் ஃபோல்டரில் நின்று ஓடியது, டார்கெட்டுக்குள் கட்டளையை ஓட்டும் உங்கள் எக்ஸெக், ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓடுகிறது. ரிலேட்டிவ் பாத் எல்லாம் தவறும்.

என்னிடம் வரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கமாண்ட் லைனில் '-பிஎல்' கொடுத்து பில்ட் செய்து, கிடைக்கும் பின்லாகை (பில்டின் விரிவான பதிவு ஃபைல்) ஸ்ட்ரக்சர்ட் லாக் வியூவர் என்ற டூலில் திறந்து, உங்கள் டார்கெட்டின் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லையா, கண்டிஷன் பொய்யாகித் தவிர்க்கப்பட்டதா, ஓடி என்ன கோடு தந்தது, எல்லாம் அதில் தெரியும். கமாண்ட் லைனில் ஓடி விஷுவல் ஸ்டுடியோவில் ஓடவில்லை என்றால் மேலே சொன்ன முன்சோதனைதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு வேண்டுகோள்: அந்த பின்லாகைப் பொது இடத்தில் ஏற்றிவிடாதீர்கள். பில்ட் நேரத்து என்விரான்மென்ட் வேரியபிள்கள் அதற்குள் பதிவாகியிருக்கக்கூடும். பில்ட் சர்வரில் எடுத்தது என்றால் டோக்கன், பாஸ்வேர்டு எல்லாம் அதோடு சேர்ந்து போய்விடும். அப்படி ஏற்கெனவே பகிர்ந்திருந்தால் அந்த டோக்கன்களை இன்றே மாற்றுங்கள்.