சொல் விளக்கம்: பாத்தி மறைமுறை (பிளாக் சைபர்)

மன்னார்குடியில் வார இறுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் மறையாக்க மாட்யூல்களை, அதாவது தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் நிரல்கூறுகளைப் பற்றிய பாடம் வந்தது. ஒரு மாணவி எங்கிருந்தோ எடுத்த தமிழ்க் குறிப்பைக் காட்டி, "சார், தடுப்பு மறைக்குறின்னு போட்டிருக்கு, இது எதைத் தடுக்குது?" என்று கேட்டாள். தரவைத் துண்டு துண்டாக மறைக்கும் பிளாக் சைபரைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நான்காவது முறை. பிளாக் சைபர் எதையும் தடுப்பதில்லை. அதில் பிளாக் என்பது பெயர்ச்சொல். மொழிபெயர்த்தவர் அதை வினை என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிழையைப் படிக்கும் பிள்ளை அரைமணி நேரம் வலைத் தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வால் பக்கம் போய்த் தேடுகிறது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சமஸ்கிருத 'சூன்ய'த்தை அரபியர் தம் மொழியில் 'சிஃப்ர்' என்றார்கள். அது இலத்தீனில் 'சிஃப்ரா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் 'சைபர்' என்று போனது. முதலில் சுழியம், பிறகு எண், பிறகு எண்களால் எழுதும் இரகசியம். நம் ஊரில் இன்றும் பரீட்சையில் ஒன்றும் வாங்காதவனைச் 'சைபர் வாங்கினான்' என்கிறோமே, அந்தச் சைபரும் இதுவும் ஒன்றுதான். 'சைபர் கிரைம்' என்பதில் உள்ளது வேறு. அது படகோட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால்தான், பிளாக் சைபர் என்று அப்படியே எழுதிவிட்டுப் போவதை நான் ஏற்பதில்லை. பிளாக் என்பதோ டச்சு மொழியின் மரக்கட்டை.

சரி, இந்த மறைமுறை செய்வது என்ன? கையில் உள்ள தரவை ஒரே அளவுள்ள துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் திறவுகோல் என்னும் இரகசிய மதிப்பைக் கொண்டு மறைக்கிறது. 1977இல் அமெரிக்கத் தரமாக வந்த டிஇஎஸ் என்ற மறைமுறைக்குத் துண்டு 8 பைட். 1993இல் வந்த ப்ளோஃபிஷுக்கும் அதே 8. 2001இல் தரமாக்கப்பட்ட ஏஇஎஸ்ஸுக்கு 16. வகுப்பில் இதை நான் கணக்காகவே காட்டுவேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'தஞ்சை' என்று எழுதினால் த, ஞ, புள்ளி, ச, ஐகாரக்குறி என ஐந்து, ஆக 15 பைட். ஏஇஎஸ்ஸுக்கு ஒரு பைட் குறைகிறது. 'காவிரி' 18 பைட். ஒரு துண்டு நிறைந்து இரண்டு பைட் வழிந்துவிடுகிறது. அந்த இரண்டுக்காக இன்னொரு துண்டு திறந்து, மீதி 14 பைட்டையும் நிரப்ப வேண்டும். பைத்தானின் பைகிரிப்டோடோம் மாட்யூலில், துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து மறைக்கும் சிபிசி முறையில் நிரப்பாமல் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழியில் ஏஇஎஸ்ஸுக்கான கிரிப்ட்::ரைன்டால் மாட்யூல் மட்டும் இருந்தால் அங்கேயும் இதே கதைதான். கிரிப்ட்::சிபிசியைச் சேர்த்துக்கொண்டால் பகுப்பதையும் நிரப்புவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

'தடுப்பு' வெறும் கவனக்குறைவு. திருத்தினால் போய்விடும். எனக்குப் பெரிய வழக்கு 'தொகுதி'யோடுதான், ஏனென்றால் அதை எழுதுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். 'தொகுதி மறையீடு' என்று நல்ல கட்டுரைகளில்கூட வருகிறது. முதலில், தொகுதி என்ற சொல் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. திருவாரூர் ஒரு தொகுதி, நூலின் இரண்டாம் பாகம் ஒரு தொகுதி, கணினித் தமிழில் மாட்யூலும் பலருக்குத் தொகுதிதான். இப்போது பிளாக் சைபர் மாட்யூல் என்பதை இவர்கள் முறைப்படி எழுதினால் 'தொகுதி மறையீட்டுத் தொகுதி' என்று வரும். அப்படி அச்சான ஒரு வரியை நானே படித்திருக்கிறேன். முதல் தொகுதி 16 பைட், இரண்டாம் தொகுதி நாம் நிறுவும் நிரல்கூறு என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

அதைவிட மோசம், வினையே தலைகீழ். தொகு என்றால் சேர். சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கினால் தொகை, தொகுப்பு, தொகுதி. கம்பைலரைத் தொகுப்பி என்பதும் அதனால்தான். பிளாக் சைபரோ ஒன்றாக இருப்பதை வெட்டுகிறது. அதன் முதல் வேலையே பகுத்தல். தொகுத்தலுக்கும் பகுத்தலுக்கும் வேறுபாடு பார்க்காத கலைச்சொல்லைப் பழகிவிட்டது என்பதற்காக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பழக்கம் என்ன பழக்கம்? புதிதாகப் படிக்க வருகிறவனுக்கு எல்லாச் சொல்லும் புதிதுதான். அவனுக்கு முதல் நாளே சரியானதைக் கொடுப்பதில் என்ன நட்டம்?

நான் வகுப்பில் சொல்வது பாத்தி. பகுத்தலைக் குறிக்கும் 'பாத்தல்' பழைய வினை. பகுத்து உண்பதைத் திருக்குறள் 227 'பாத்தூண்' என்கிறது. பாத்தி என்றாலே பகுதி. கொல்லையில் கத்தரியும் கீரையும் போட அளவாக வரப்புக் கட்டிப் பிரிப்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாம். மடையைத் திறந்து, ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடை மாற்றி அடுத்ததற்குத் தண்ணீர் விடுகிறோம். நிரலின் சுழற்சி செய்வதும் இதுதான். பைட் பைட்டாக ஓடிக்கொண்டே மறைக்கும் ஆர்சி4, சாசா20 வகைக்கு (ஸ்ட்ரீம் சைபர்) ஓடை மறைமுறை என்று வைத்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

பாத்தி விவசாயச் சொல்லாயிற்றே, நுட்பமாக இல்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். ஆங்கிலக்காரன் மரக்கட்டையையும் நீரோடையையும் வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் எழுதுகிறான். நமக்கு மட்டும் வரப்பும் மடையும் எங்கிருந்து கேவலமாயின? எல்லாப் பாத்தியும் ஒரே அளவா என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. சமஅளவு என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. பிளாக்கிலும் இல்லை, தொகுதியிலும் இல்லை. அதை விளக்கத்தில்தான் சொல்லியாக வேண்டும்.

சொல் சரியாக அமைந்தால் அடுத்த பாடமும் எளிதாகிறது. இசிபி முறையில் ஒவ்வொரு பாத்தியும் தனித்தனி. ஒரே தரவு வந்த இடமெல்லாம் ஒரே மறைபொருள் வரும், பார்ப்பவனுக்கு வடிவம் தெரிந்துவிடும். சிபிசியில் முந்தைய பாத்தியின் விளைவு அடுத்ததில் கலக்கிறது. "வயல் விட்டு வயல் பாயுற மாதிரியா சார்?" என்று கேட்டவன் வடுவூர்ப் பையன். ஆமாம் என்றேன். முதல் பாத்திக்கு முந்தையது ஒன்றும் இல்லாததால்தான் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தொடக்க மதிப்பைக் கொடுக்கிறோம்.

அப்புறம் 'குறியாக்கம்'. என்கோடிங்குக்கும் அதே சொல், என்கிரிப்ஷனுக்கும் அதே சொல். இதன் கெடுதலை நேரில் பார்த்தேன். ஓர் அரிசி ஆலைக் கணக்குக்கு நிரல் எழுதிய பையன், கடவுச்சொல்லை, தரவை வேறு எழுத்துகளால் எழுதும் பேஸ்64இல் மாற்றிவைத்துவிட்டு "குறியாக்கம் பண்ணிட்டேன்" என்றான். திறவுகோலே இல்லாத அதை யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் திருப்பிவிடலாம். அவன் படித்த தமிழ்க் குறிப்பின்படி அவன் சொன்னது சரிதான், குறிப்புதான் தப்பு. திறவுகோல் இருந்தால் மறையாக்கம், எழுத்தை வேறு வடிவில் எழுதினால் குறியாக்கம் என்று பிரித்து எழுத மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த மாட்யூலை ஒருமுறை நிறுவி, நான்கு வரி ஓட்டிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் தடுப்பும் வராது, தொகுதியும் வராது.

அந்த மாணவி அடுத்த சனிக்கிழமை நிரலைக் கொண்டுவந்தாள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் மாறிக்குப் 'பாத்தி' என்றே பெயர் வைத்திருந்தாள். 'காவிரி'யைக் கொடுத்து ஓட்டினோம். 32 பைட் வந்தது.